கணினி பட்டென்று அணைந்துவிடுகிறது, பொத்தானை அழுத்தினால் உடனே எழுகிறது. எங்கே தேடுவது?

அகல்விளக்கு:

வணக்கம். வீட்டு மேசைக் கணினி என் பொறுமையைச் சோதிக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்துவிடுகிறது. நீலத்திரை (விண்டோஸ் பிழையால் நின்றுபோகும்போது வரும் திரை) இல்லை, எச்சரிக்கை இல்லை, மூடப்போகிறேன் என்ற அறிவிப்புகூட இல்லை. திரை கறுக்கும், ஃபேன் சத்தம் அடங்கும், அவ்வளவுதான். பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே நடக்காதது போல உடனே எழுந்துவிடும்.

எப்போது என்று கணிக்க முடியவில்லை. சில நாள் காலையிலிருந்து இரவு வரை ஒழுங்காக ஓடுகிறது. சில நாள் போட்ட சிறிது நேரத்திலேயே போய்விடுகிறது. வீடியோ எடிட் செய்யும்போதும் போயிருக்கிறது, ஒரு பிடிஎஃப்பைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போன நேரத்திலும் போயிருக்கிறது.

ரைசன் 5600 சிபியு, 16 ஜிபி ராம், நடுத்தரமான கிராபிக்ஸ் கார்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி), விண்டோஸ் 11. யுபிஎஸ் வழியாகத்தான் மின்சாரம் போகிறது. பழுது பார்ப்பவர் ஒருவரிடம் காட்டினேன். "எஸ்எம்பிஎஸ் மாத்திடுங்க, அப்புறமும் வந்தா மதர்போர்டு" என்றார். ஒவ்வொன்றாக வாங்கி மாட்டிப் பார்ப்பதற்கு முன்னால் காரணத்தைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

கோடைமழை:

வைரஸாக இருக்கலாம். முழு ஸ்கேன் ஒன்று போட்டுப் பாருங்கள். அப்போதும் நிற்கவில்லையென்றால் விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடுங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

பழையபெட்டி:

கோடைமழை, தப்பாக நினைக்காதீர்கள், வைரஸ் இப்படி அணைக்காது. 2003-இல் பிளாஸ்டர் புழு, அடுத்த வருடம் சாசர் புழு என்று வந்தபோது கணினிகள் தானாக மூடிக்கொண்டது உண்மை. ஆனால் அப்போதும் திரையில் ஒரு பெட்டி வரும், 60 விநாடி எண்ணிக்கை ஓடும், அதற்குப் பிறகுதான் மூடும். மென்பொருள் அணைத்தால் அதற்கென்று ஒரு நடைமுறை இருக்கிறது. ஃபேன் வரைக்கும் ஒரே நொடியில் நிற்கிறதென்றால் முதல் சந்தேகம் வன்பொருள் மேல்தான். விண்டோஸை மாற்றிப் போட்டால் ஒரு நாள் வீணாகும், நோய் அப்படியே இருக்கும்.

அகல்விளக்கு, முதல் வேலையாகக் கேபினட்டின் பக்க மூடியைக் கழற்றிப் பாருங்கள். எல்லா ஃபேனும் சுற்றுகிறதா? சிபியு கூலரின் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கிறதா? அதை ஊதித் தள்ளும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் கன்னாபின்னாவென்று சுற்ற விட்டால் பேரிங் கெடும்.

நாலாம்கம்பி:

அணைவதிலும் ரகம் உண்டு. எந்த ரகம் என்று முதலில் பிரித்துவிட்டால் சந்தேகப் பட்டியல் பாதியாகிவிடும். பாகங்களை மாற்றிப் பார்ப்பதெல்லாம் கடைசியில்.

அணைந்து தானாகவே மறுபடி எழுகிற கணினி என்றால் முதலில் நீலத்திரையைத்தான் சந்தேகிக்க வேண்டும். விண்டோஸில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்ற அமைப்பு டிக் ஆகியே வரும். அதனால் நீலத்திரை கண்ணில் படுவதற்குள் மறுதொடக்கம் ஆகிவிடும், ஆள் 'அணைந்து எழுந்தது' என்று நினைத்துக்கொள்வார். டிக்கை எடுத்துவிட்டால் திரை அப்படியே நிற்கும், பிழையின் பெயரும் கிடைக்கும். ராம் கோளாறு, டிரைவர் கோளாறு எல்லாம் பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான் வரும். உங்களுடையது தானாக எழவில்லை.

அணைந்த பிறகு பொத்தானை எத்தனை தடவை அழுத்தினாலும் அசையாமல், பின்பக்க ஸ்விட்சை அணைத்துச் சிறிது நேரம் விட்டுப் போட்டால்தான் எழுகிறதென்றால், எஸ்எம்பிஎஸ் தன்னைத் தானே பூட்டிக்கொண்டது என்று அர்த்தம். மின்னோட்டம் எல்லை மீறினாலோ, எங்காவது ஷார்ட் ஆனாலோ, வோல்டேஜ் ஏறினாலோ அதன் பாதுகாப்புச் சுற்று இப்படிச் செய்யும். மெயின் மின்சாரத்தைத் துண்டித்தால்தான் பெரும்பாலும் பூட்டு விடும். உங்களுடையது பொத்தானுக்கு உடனே எழுகிறது. இதனால் எஸ்எம்பிஎஸ் நிரபராதி என்று ஆகிவிடாது, ஆனால் என் சந்தேகம் ஒரு படி குறைகிறது.

மூன்றாவது, சூடு. இதில் பலருக்கு ஒரு குழப்பம் உண்டு. சிபியு சூடானதும் கணினி அணைந்துவிடாது. முதலில் சிபியு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ரைசன் 5000 வரிசையில் அந்த எல்லை மாடலைப் பொறுத்து 90 அல்லது 95 டிகிரி, இன்டெலில் பெரும்பாலும் 100. வேகத்தைக் குறைத்தும் சூடு அடங்காமல் மேலே போனால்தான் சிபியுவே மதர்போர்டுக்கு அறிவித்து மின்சாரத்தை வெட்டிவிடும். அந்த நிலைக்குப் போக வேண்டுமென்றால் கூலர் கழன்றிருக்க வேண்டும், அல்லது ஃபேன் நின்றிருக்க வேண்டும். லேசான தூசிக்கு அணையாது, மந்தமாகும்.

இப்போது உங்கள் வேலை. 'ஈவென்ட் வியூவர்' திறந்து, 'விண்டோஸ் லாக்ஸ்' உள்ளே 'சிஸ்டம்' போங்கள். அணைந்த நேரத்தை ஒட்டி எந்த எண்கள் பதிவாகியிருக்கின்றன என்று பாருங்கள். 1074 இருந்தால் ஏதோ ஒரு நிரலோ பயனரோ முறைப்படி மூடியிருக்கிறார்கள், யார் என்று பெயரும் அங்கேயே இருக்கும். 6008 என்றால் எதிர்பாராமல் நின்றது. 'கெர்னல் பவர்' பெயரில் 86 இருந்தால் வெப்பத்தால் மூடப்பட்டது. 41 நிச்சயம் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 'போன தடவை ஒழுங்காக மூடாமல் போனேன்' என்று அடுத்த தடவை எழும்போது விண்டோஸ் எழுதி வைக்கிற குறிப்புதான் அது. 41-ஐக் காரணமாக நினைத்துக்கொண்டு அலைபவர்கள் ஏராளம்.

அந்த 41-க்குள் 'டீடெய்ல்ஸ்' தாவலில் 'பக்செக் கோட்' என்று ஒரு வரி இருக்கும். அது பூஜ்யமா இல்லையா என்று மட்டும் சொல்லுங்கள். பூஜ்யம் இல்லையென்றால் அது நீலத்திரையின் எண், ஆனால் பதின்மத்தில், அதாவது நாம் வழக்கமாக எண்ணும் முறையில், இருக்கும். இணையத்தில் தேடுவதற்கு முன் பதினாறடிமானத்துக்கு (ஹெக்ஸ்) மாற்ற வேண்டும். உதாரணமாக 292 என்று இருந்தால் அது 124, வன்பொருள் பிழை.

அகல்விளக்கு:

நன்றி நாலாம்கம்பி, இவ்வளவு விரிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பார்த்துவிட்டேன். 41 வரிசையாக இருக்கிறது, 6008-உம் இருக்கிறது. 1074 நான் வேண்டுமென்றே மூடிய நேரங்களில் மட்டும். 86 எங்கும் இல்லை. எல்லா 41-இலும் பக்செக் கோட் பூஜ்யம்தான்.

மூடியைக் கழற்றினேன். தூசி கொஞ்சம் இருந்தது, துடைத்துவிட்டேன். ஃபேன்கள் சுற்றுகின்றன. கூலரை மெதுவாக அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை.

நாலாம்கம்பி:

பக்செக் பூஜ்யம் என்றால் விண்டோஸுக்கே விஷயம் தெரியாது. எழுதி வைக்க அவகாசம் இல்லாமல் காலடியிலிருந்து மின்சாரம் போயிருக்கிறது.

அடுத்தது பதிவுக் கோப்பு. வெப்பம், வோல்டேஜ் எல்லாம் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் 'லாகிங்' பொத்தான் இருக்கிறது. இரண்டு விநாடிக்கு ஒரு வரி வீதம் கோப்பில் எழுதச் சொல்லி ஓட விடுங்கள். அணைந்த பிறகு அந்தக் கோப்பின் கடைசி வரியைப் பாருங்கள்: சிபியு வெப்பம், கிராபிக்ஸ் கார்டின் வெப்பம், 12 வோல்ட். 12 வோல்ட் பாதை மேலும் கீழும் 5 சதவீதம் போகலாம், அதாவது 11.4-லிருந்து 12.6 வரை. ஆனால் மதர்போர்டின் சென்சார் சொல்லும் வோல்டேஜை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது தோராயம்தான். சட்டென்று ஒரு சரிவு தெரிகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

நடுச்சாமம்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் கிட்டத்தட்ட இதே கதை, ஆனால் விளையாடும்போது மட்டும். காட்சி மாறும் இடத்தில், நிறைய வெடிக்கிற இடத்தில், டப் என்று ஒரு சின்னச் சத்தத்தோடு போகிறது. நாலாம்கம்பி சொன்ன மாதிரியே பின்பக்க ஸ்விட்சை அணைத்துப் போட்டால்தான் எழுகிறது. 650 வாட். கணக்குப் போட்டுப் பார்த்தால் என் பாகங்கள் எல்லாம் சேர்ந்து 450 வாட் தாண்டவில்லை. அப்படியிருக்க எஸ்எம்பிஎஸ் எப்படிப் போதாமல் போகும்?

பழையபெட்டி:

நடுச்சாமம், தனி இழை திறந்திருக்கலாம். சரி, வந்துவிட்டீர்கள்.

வாட் கணக்கு என்பது சராசரி. இன்றைய பெரிய கிராபிக்ஸ் கார்டுகள் ஒரு விநாடியில் மிகச் சிறிய பங்குக்குத் தங்கள் சராசரியைப் போல இரண்டு மடங்கு வரை இழுக்கக்கூடியவை. உங்கள் கண்ணுக்கோ மென்பொருளுக்கோ அது தெரியாது, ஆனால் எஸ்எம்பிஎஸின் பாதுகாப்புச் சுற்றுக்குத் தெரியும், அது மின்சாரத்தை வெட்டிவிடும். இதற்காகத்தான் 2022-இல் இன்டெல் வெளியிட்ட, எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் 3.0 விதியில், பெரிய எஸ்எம்பிஎஸ்கள் தங்கள் அளவைப் போல இரு மடங்கு சுமையை 100 மைக்ரோ விநாடி தாங்க வேண்டும் என்று சேர்த்தார்கள். அதற்கு முந்திய எஸ்எம்பிஎஸ்களில் சிலது தாங்கும், சிலது தாங்காது.

செலவில்லாமல் ஒன்று செய்து பாருங்கள். கிராபிக்ஸ் கார்டில் இரண்டு மின் இணைப்புகள் இருந்தால், ஒரே கம்பியின் நுனியில் இரட்டையாகத் தொங்கும் பின்களை மாட்டியிருக்கிறீர்களா? அப்படியானால் அதை விட்டுவிட்டு எஸ்எம்பிஎஸிலிருந்து இரண்டு தனித்தனிக் கம்பிகளாகக் கொடுங்கள். அடுத்து, ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருளில் கார்டின் மின் வரம்பை 80 சதவீதத்துக்கு இறக்கிவிட்டு விளையாடுங்கள். அணைவது நின்றால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும்.

எதைச் செய்தாலும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்டுக்கு மேல் நிற்கக்கூடும்.

அகல்விளக்கு:

லாகிங் போட்டேன், நேற்று மாலை மாட்டியது. கடைசி வரி: சிபியு 47 டிகிரி, கிராபிக்ஸ் கார்டு 41, 12 வோல்ட் என்பது 12.09. அதற்கு முந்திய வரிகளும் அப்படியேதான், எந்தச் சரிவும் இல்லை. அப்போது திரையில் ஒரு வலைப்பக்கம் மட்டும் இருந்தது. சும்மா இருக்கும்போதே போய்விடுகிறதே!

வால்நட்சத்திரம்:

ரைசன், சும்மா இருக்கும்போது அணைகிறது. இரண்டையும் சேர்த்துக் கேட்டதும் எனக்கு ஒன்று ஞாபகம் வருகிறது. பயாஸில் (விண்டோஸ் எழுவதற்கு முன் வரும், மதர்போர்டின் அமைப்புத் திரை) 'பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்' என்று ஒரு அமைப்பு இருக்கும். அதை 'டிபிக்கல் கரண்ட் ஐடில்' என்று மாற்றிப் பாருங்கள். வேலை இல்லாதபோது சிபியு ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய் மிகக் குறைந்த மின்னோட்டம்தான் எடுக்கும், சில பழைய எஸ்எம்பிஎஸ்களுக்கு அவ்வளவு குறைந்த சுமையில் நிலையாக நிற்கத் தெரியாது. 2013-இல் இன்டெலின் ஹாஸ்வெல் வரிசை சிபியுக்கள் வந்தபோதும் இதே பேச்சு எழுந்தது.

கோடைமழை:

மதர்போர்டில் ஒரு பட்டன் செல் இருக்குமே, அது தீர்ந்திருக்குமோ?

பழையபெட்டி:

சிஆர்2032-ஐச் சொல்கிறீர்கள். அது தீர்ந்தால் நேரம் தப்பும், பயாஸ் அமைப்புகள் மறந்துபோகும். ஓடுகிற கணினியை அது நிறுத்தாது. எல்லா இழையிலும் யாராவது ஒருவர் அந்தச் செல்லைப் பலிகொடுக்கப் பார்க்கிறார்கள், பாவம்.

குடைராட்டினம்:

யுபிஎஸை ஏன் யாருமே கேட்கவில்லை? அதன் பேட்டரி ஈய அமில ரகம் என்றால் மூன்று முதல் ஐந்து வருடம்தான் ஆயுள். பேட்டரி செத்த யுபிஎஸ் கரண்ட் இருக்கும்வரை நல்ல பிள்ளையாக இருக்கும். வெளியே ஒரு கணம் கண் சிமிட்டினாலும் பேட்டரிக்கு மாறும், அங்கே ஒன்றும் இருக்காது, கணினி போய்விடும். விளக்கு மினுங்குவதைக்கூட நாம் கவனித்திருக்க மாட்டோம். இன்னொன்று, விலை குறைந்த யுபிஎஸ்கள் பேட்டரியில் ஓடும்போது கொடுப்பது சீரான சைன் அலை அல்ல, படிப்படியாக வெட்டிய அலை. ஆக்டிவ் பிஎஃப்சி (மின்னோட்டத்தைச் சீராக இழுக்க வைக்கும் சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ்களில் சிலதுக்கு அது ஒத்துக்கொள்ளாது.

யுபிஎஸ், எக்ஸ்டென்ஷன் பெட்டி எல்லாவற்றையும் விலக்கிவிட்டுச் சுவரிலிருக்கும் சாக்கெட்டில் நேரடியாக மாட்டிப் பாருங்கள். பின்பக்கம் எஸ்எம்பிஎஸில் செருகும் கம்பியையும் ஒரு தடவை உருவி இறுக்கமாகச் செருகுங்கள். அந்த முனை தளர்ந்திருப்பது நாம் நினைப்பதைவிட அதிகம்.

நாலாம்கம்பி:

குடைராட்டினம் சொல்வது சரியான பாதை. அதை இன்னும் சீக்கிரம் முடிக்க ஒரு வழி இருக்கிறது. பயாஸில் 'ஏசி பவர் லாஸ்' என்று ஒரு அமைப்பு: மின்சாரம் போய்த் திரும்பினால் கணினி என்ன செய்ய வேண்டும் என்பது. பெரும்பாலும் 'பவர் ஆஃப்' என்றிருக்கும். அதை 'பவர் ஆன்' ஆக்குங்கள். இனிமேல் சுவரிலோ யுபிஎஸிலோ கம்பியிலோ மின்சாரம் விட்டு வந்தால் கணினி தானாக எழும். எழாமல் செத்தே கிடந்தால், வெளியிலிருந்து வரும் மின்சாரம் அறுபடவில்லை, உள்ளே யாரோ அணைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

கூடவே ஒரு நாள் பயாஸ் திரையிலேயே கணினியை விட்டு வையுங்கள். அங்கேயும் அணைந்தால் விண்டோஸ், டிரைவர், வைரஸ் எல்லாம் ஒரே அடியில் பட்டியலிலிருந்து போய்விடும்.

அகல்விளக்கு:

வரிசையாகச் சொல்கிறேன்.

டிபிக்கல் கரண்ட் ஐடில் போட்டேன், பலன் இல்லை. யுபிஎஸை விலக்கிச் சுவரில் நேரடியாக மாட்டினேன், அப்போதும் அணைந்தது. ஏசி பவர் லாஸை 'பவர் ஆன்' என்று வைத்து, பிளக்கைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தேன், கணினி சமர்த்தாகத் தானே எழுந்தது. ஆனால் அது தானாக அணைந்தபோது எழவில்லை. செத்த மாதிரிதான் கிடந்தது, நான் பொத்தானை அழுத்திய பிறகுதான் வந்தது.

பயாஸ் திரையில் விட்டு வைத்திருந்தேன். மதியம் வந்து பார்த்தால் அணைந்து கிடக்கிறது.

அப்படியானால் பழுது பார்ப்பவர் சொன்னதுதானா? எஸ்எம்பிஎஸ் இல்லையென்றால் மதர்போர்டா?

வால்நட்சத்திரம்:

மதர்போர்டாக இருக்கலாம் போலத்தான் தெரிகிறது. சிபியு பக்கத்தில் இருக்கும் எட்டுப் பின் இணைப்பை உருவிச் செருகிப் பார்த்தீர்களா? போர்டுக்கு அடியில் தேவையில்லாத இடத்தில் பித்தளைத் தாங்கி ஏதாவது இருந்து ஷார்ட் அடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதற்குப் போர்டையே வெளியே எடுக்க வேண்டும், ஒரு விடுமுறை நாள் வேலை.

மூக்குக்கண்ணாடி:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். போர்டைக் கழற்றுவதற்கு முன் ஒரு நிமிட வேலை. அதே 41 பதிவில், பக்செக் கோட் இருந்த பட்டியலிலேயே கொஞ்சம் கீழே 'பவர் பட்டன் டைம்ஸ்டாம்ப்' என்று ஒரு வரி இருக்கும். அதில் என்ன இருக்கிறது? விண்டோஸ் ஓடும்போது அணைந்த தடவைகளை மட்டும் பாருங்கள்.

அப்புறம் இன்னொரு கேள்வி. கன்ட்ரோல் பேனலில் 'பவர் ஆப்ஷன்ஸ்' போனால், பவர் பொத்தானை அழுத்தினால் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பு இருக்கும். உங்களுடையதில் என்ன இருக்கிறது?

அகல்விளக்கு:

டைம்ஸ்டாம்பில் பூஜ்யம் இல்லை, நீளமாக ஒரு எண் இருக்கிறது. எல்லாத் தடவையிலும் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் வேறு வேறு எண்.

பவர் பொத்தான் அமைப்பு: 'டூ நத்திங்'. அதை நான்தான் அப்படி வைத்தேன். என் சின்ன மகளுக்கு அந்தப் பொத்தானில் எரியும் நீல விளக்கு ரொம்பப் பிடிக்கும், தவழ்ந்து வந்து அழுத்துவாள். நான் வேலை செய்துகொண்டிருக்கும்போது கணினி மூடிக்கொள்ளும். தொல்லை தாங்காமல் அழுத்தினாலும் ஒன்றும் செய்யாதே என்று வைத்தேன், அது போன வருடம். இப்போது அவள் அதைத் தொடுவதில்லை, சுவாரசியம் போய்விட்டது. அணைகிற நேரத்தில் பெரும்பாலும் அறையில் யாருமே இருப்பதில்லை.

மூக்குக்கண்ணாடி:

யாரும் அழுத்தவில்லை, ஆனால் பொத்தான் அழுத்தப்பட்டது என்று விண்டோஸ் எழுதியிருக்கிறது. அந்த வரி பூஜ்யமாக இல்லையென்றால் பொத்தானை நீண்ட நேரம் அழுத்திப் பிடித்து அணைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

என் கணிப்பு இது. அந்தப் பொத்தான் உள்ளே போனால் முழுதாக மேலே வருவதில்லை. அரைகுறையாக நிற்கிறது, உள்ளே இருக்கும் ஸ்விட்சின் தொடுமுனை ஒட்டியும் ஒட்டாமலும் விளிம்பில் நிற்கிறது. கேபினட் சூட்டில் பிளாஸ்டிக் கொஞ்சம் விரிந்தாலும், மேசை கொஞ்சம் அதிர்ந்தாலும் தொட்டுவிடும். சாதாரணக் கணினியாக இருந்தால் தொட்ட உடனே விண்டோஸ் 'ஷட்டிங் டவுன்' என்று காட்டி முறைப்படி மூட ஆரம்பிக்கும், யாருக்கும் பொத்தான் மேல் சந்தேகம் வந்துவிடும். உங்கள் விண்டோஸை நீங்கள் சும்மா இருக்கச் சொல்லிவிட்டீர்கள். அது சும்மா இருக்கிறது. ஆனால் பொத்தானை நான்கு விநாடி தொடர்ந்து பிடித்தால் விண்டோஸைக் கேட்காமலே மின்சாரத்தை வெட்டுவது மதர்போர்டின் வேலை, அந்த அமைப்பு அதைத் தடுக்காது. அதனால்தான் எந்த அறிகுறியும் இல்லாமல் போகிறது, பயாஸ் திரையிலும் போகிறது. ஏசி பவர் லாஸ் சோதனையில் தானாக எழாததும் இதோடு பொருந்துகிறது: வெளி மின்சாரம் அறுபடவில்லை, அணைக்கச் சொல்லி உத்தரவு போயிருக்கிறது. திரும்ப நீங்கள் அழுத்தும்போது பொத்தான் விடுபட்டு ஒழுங்காகிவிடுகிறது.

சோதிப்பது சுலபம். கணினியைப் போடுங்கள். ஓட ஆரம்பித்ததும் மதர்போர்டின் கீழ் மூலையில் முன்பக்க ஸ்விட்ச், விளக்குக் கம்பிகள் எல்லாம் செருகியிருக்கும் பின் வரிசைக்குப் போங்கள். அதில் 'பவர் எஸ்டபிள்யூ' என்று எழுதிய இரண்டு பின் கம்பியை உருவிவிடுங்கள். அது வெறும் சைகைக் கம்பி, ஷாக் அடிக்காது. ஆனால் பக்கத்தில் ஃபேன் சுற்றும், விரலையும் சட்டைக் கையையும் பார்த்துக்கொள்ளுங்கள். உருவியபடியே சில நாள் ஓட்டுங்கள், மூடுவதை ஸ்டார்ட் மெனுவில் செய்துகொள்ளலாம்.

நாலாம்கம்பி:

அந்த வரியைக் கேட்காமல் பக்செக் கோடை மட்டும் கேட்டேன் பாருங்கள். மூக்குக்கண்ணாடி, அருமை.

அகல்விளக்கு, மறுபடி போடுவது எப்படி என்று யோசிப்பீர்கள். அதே இடத்தில் ரீசெட் பொத்தானின் கம்பியும் இருக்கும், அதுவும் அதே மாதிரி இரண்டு பின். அதை உருவிப் பவர் ஸ்விட்ச் பின்களில் செருகிவிடுங்கள். ரீசெட் பொத்தானே பவர் பொத்தானாகிவிடும். மதர்போர்டுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

பழையபெட்டி:

எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு என்று போய்க்கொண்டிருந்த வழக்கு பொத்தானில் வந்து நிற்கிறது! இன்னும் தீர்ப்பு வரவில்லை, ஓடட்டும், பார்க்கலாம்.

நடுச்சாமம்:

என் பக்கம்: தனித்தனிக் கம்பி கொடுத்ததும் குறைந்தது, ஆனால் முழுதாக நிற்கவில்லை. 80 சதவீத மின் வரம்பில் ஒரு தடவைகூட அணையவில்லை. திரும்ப 100 வைத்தேன், அன்று இரவே போய்விட்டது. நண்பரிடமிருந்து ஏடிஎக்ஸ் 3.0 ரக 850 வாட் எஸ்எம்பிஎஸை இரவல் வாங்கி மாட்டினேன், அதே ஆட்டம், அதே இடம், 100 சதவீதத்தில் ஒன்றும் ஆகவில்லை. எஸ்எம்பிஎஸ் மாற்றுவதுதான் வழி போலிருக்கிறது.

பழையபெட்டி:

நடுச்சாமம், இரவல் எஸ்எம்பிஎஸை மாட்டும்போது அதனுடன் வந்த கம்பிகளையே போட்டீர்கள்தானே? பழையதன் கம்பியைப் புதியதில் செருகக் கூடாது. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் பின் வரிசை மாடலுக்கு மாடல் மாறும், செருகினால் உட்காரவும் உட்காரும், ஆனால் 12 வோல்ட் போக வேண்டாத இடத்துக்குப் போய் ஹார்ட் டிஸ்க்கையோ போர்டையோ எரித்துவிடும். புதியது வாங்கும்போதும் இதே விதி. அதுவரை 80 சதவீதத்தில் விளையாடுங்கள், பெரிய வித்தியாசம் தெரியாது.

நடுச்சாமம்:

அதன் கம்பிகளையேதான் போட்டேன். நல்லவேளை, யோசிக்காமல் செய்திருந்தாலும் சரியாகச் செய்திருக்கிறேன்.

அகல்விளக்கு:

தீர்ந்தது என்றே நினைக்கிறேன். பவர் ஸ்விட்ச் கம்பியை உருவி, ரீசெட் கம்பியை அங்கே செருகிவிட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். முன்பு எவ்வளவு நாள் நல்லபடியாகத் தாங்கும் என்று எனக்குத் தெரியும், அதைத் தாண்டி வெகுதூரம் வந்தாயிற்று. இரவு முழுக்க வீடியோ ரெண்டர் விட்டேன், பகலில் சும்மா விட்டேன், பயாஸ் திரையில் விட்டேன். அசையவில்லை.

முன்பக்க மூடியைக் கழற்றிப் பொத்தானையும் பார்த்தேன். வெளியே தெரிவது வட்டமான பிளாஸ்டிக் மூடி. அதன் அடியில் ஒரு மெல்லிய நாக்கு, அந்த நாக்குதான் உள்ளே இருக்கும் சின்ன ஸ்விட்சைத் தள்ளுகிறது. நாக்கின் அடிப்பகுதியில் ஒரு பக்கம் விரிசல். மெதுவாக அழுத்தினால் மூடி இடது பக்கம் சாய்ந்து ஓரத்தில் உரசி அங்கேயே நின்றுவிடுகிறது. நல்ல வலுவாக அழுத்தி விட்டால் 'டிக்' என்று மேலே வருகிறது. நான் எப்போதும் வலுவாக அழுத்துபவன், அதனால் எனக்கு வித்தியாசம் தெரியவே இல்லை.

பழுது பார்ப்பவரிடமும் சொன்னேன். அவர் தன் மேசையில் வைத்துப் பார்த்தபோது அணையவே இல்லையாம். கேபினட்டைப் படுக்க வைத்துப் பார்த்தாராம், அப்போது நாக்கு தன் எடையிலேயே விலகியிருக்கும்.

ஒரு கேள்வி மிச்சம். ரீசெட் பொத்தான் ரொம்பச் சின்னது, பேனா முனையால்தான் அழுத்த முடிகிறது. பழைய ஸ்விட்சை மாற்ற வேண்டுமென்றால் என்ன கேட்டு வாங்குவது? இந்தக் கம்பிகளில் நேர், எதிர் பார்த்துச் செருக வேண்டுமா?

மூக்குக்கண்ணாடி:

அழுத்தும்போது மட்டும் தொட்டு, விட்டதும் விடுபடும் ரகம் எதுவானாலும் சரி, 'மொமென்டரி' என்று கேளுங்கள். அழுத்தினால் அப்படியே பூட்டிக்கொள்ளும் ரகத்தை வாங்கிவிடாதீர்கள், போட்ட நான்காவது விநாடியே அணைந்துவிடும். மேசை மேல் வைத்துக்கொள்ளும்படி நீளமான கம்பியோடும் தனிப் பொத்தான் கிடைக்கிறது, கேபினட் மேசைக்கு அடியில் இருந்தால் அது வசதி.

ஸ்விட்ச் கம்பியை எப்படித் திருப்பிச் செருகினாலும் வேலை செய்யும். விளக்குக் கம்பிக்கு மட்டும் திசை உண்டு. தலைகீழாகச் செருகினால் எரியாது, கெட்டும் போகாது, திருப்பிச் செருகினால் போதும். ரீசெட் பின்கள் காலியாக இருப்பதால் ஒன்றும் ஆகாது.

அகல்விளக்கு:

மேசை மேல் வைக்கும் ரகமே வாங்குகிறேன், மகளுக்கு எட்டாத உயரத்தில். அதில் விளக்கு இல்லாததாகப் பார்த்து.